விசாக் காலம் கடந்து தங்குவோருக்குச் சிறையும் பிரம்படியும் தேவைதானா?

செங்கோல்:
விசாக் காலம் முடிந்த பிறகும் ஒரு நாட்டிலேயே தங்கிவிடுவதை, நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்த விவகாரம் போலச் சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிங்கப்பூர்ச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கூடுதலாகத் தங்கியது 90 நாளுக்குள் என்றால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 90 நாளைத் தாண்டிவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது. அவர்களுக்கு அதற்குப் பதிலாக அபராதம். தண்டனை இன்னது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது மீறத் துணிபவர் குறைவு என்பதே என் வாதம்.

மேகலை:
ஐயா, தண்டனையைத் தெரிந்துகொண்டே வேண்டுமென்று தங்குபவரை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் காலம் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். அங்கே ஒரு தொழிலாளியின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. நிறுவனம் நொடித்து, சம்பளமும் நின்று, அனுமதியும் காலாவதியான ஒருவர் ஓராண்டு கழித்து ஊர் திரும்ப நினைத்தால் அவர் தலையில் 18,250 திர்ஹாம் ஏறியிருக்கும். கையில் காசில்லாததால்தான் அவர் போகவில்லை. போகாததால் கடன் மேலும் ஏறுகிறது. வெளியேற்றுவதற்காக விதித்த அபராதமே வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது என்றால், அந்தச் சட்டம் யாருக்குப் பயன்படுகிறது?

செங்கோல்:
அதற்குத்தான் பொதுமன்னிப்பு இருக்கிறதே. அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் அபராதம் இல்லாமல் வெளியேறவோ நிலையைச் சரிசெய்துகொள்ளவோ வாய்ப்பளித்தது. இரண்டு மாதம் என்று தொடங்கியதை டிசம்பர் இறுதிவரை நீட்டித்தது. ஆனால் சட்டத்தை மதித்து, கடன் வாங்கியாவது அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பியவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? அடுத்த மன்னிப்பு வரும்வரை காத்திருக்கலாம் என்ற எண்ணத்தைத்தான் இது வளர்க்கும்.

மேகலை:
சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மன்னிப்பு அறிவித்தால்தான் ஆட்கள் வெளியேற முடிகிறது என்பதே அபராதக் கணக்கில் கோளாறு இருப்பதற்குச் சான்று.

குறுக்குவிசாரணை:
இருவரும் தண்டனையின் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். அது எந்தக் கட்டத்தில் வந்து விழுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் தங்கித் தாமாக வெளியேறியவர் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் பத்து ஆண்டுகளும் திரும்ப வர முடியாது. இந்தத் தடை நாட்டைவிட்டு வெளியேறும்போதுதான் உயிர்பெறுகிறது. குடும்பத்தோடு அங்கே வாழும் ஒருவர், விமானம் ஏறினால் பத்தாண்டு பிரிவு, ஏறாவிட்டால் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டால் எதைத் தேர்ந்தெடுப்பார்? (கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் தேதியைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. அங்கே தங்கும் காலத்தை முடிவுசெய்வது, நுழையும்போது தரும் ஐ-94 பதிவில் உள்ள தேதி.)

இதற்கு நேர்மாறானது தாய்லாந்து. நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். அதாவது 40 நாளோடு அபராதம் நின்றுவிடுகிறது. அதன்பின் எடை முழுவதும் மறுநுழைவுத் தடைக்குப் போகிறது. காலம் கடந்து 90 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் தங்கியவர் தாமாக வந்து ஒப்புக்கொண்டு கிளம்பினால் ஓராண்டுத் தடை. அதே ஆள் பிடிபட்டால் ஐந்து ஆண்டுகள். சட்டமே வாசலைத் திறந்துவைத்து, இதன் வழியாகப் போனால் உனக்கு நல்லது என்கிறது.

செங்கோல்:
தாய்லாந்து முறையில் ஞாயம் இருக்கிறது. ஆனாலும் சிறை என்ற அச்சம் பின்னால் நிற்காவிட்டால் தாமாக வருபவர் யார்?

குறுக்குவிசாரணை:
சிறையைப் பற்றி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011-இல் எல் திரிதி வழக்கில் சொன்னதைப் பாருங்கள். வெளியேறும் உத்தரவை மீறி இத்தாலியில் தங்கியவருக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே சிறை விதிப்பது ஒன்றியத்தின் விதிகளுக்கு முரணானது என்று அது தீர்ப்பளித்தது. அவரைத் திருப்பி அனுப்புவதுதான் நோக்கம் என்றால், சிறைவாசம் அதைத் தாமதப்படுத்தவே செய்யும் என்பது அதன் காரணம். செலவு செய்து உள்ளே வைத்திருந்து, பிறகு அதே ஆளை விமானத்தில் ஏற்றுவதில் அரசுக்கும் லாபமில்லை.

மேகலை:
செங்கோல் ஐயா முதலில் காட்டிய சிங்கப்பூரிலேயே, காலம் கடந்து தங்கியவர் என்று தெரிந்தும் அடைக்கலமோ வேலையோ கொடுப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. தங்கியவருக்கு உச்சவரம்பாக இருக்கும் ஆறு மாதம், வேலை கொடுத்தவருக்குக் குறைந்தபட்சம். அந்தப் பக்கத்தை முதலில் இறுக்கட்டும் என்கிறேன்.

செங்கோல்:
இறுக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் முதலாளியைத் தண்டிப்பது தங்கியவரை விட்டுவிடுவதற்குக் காரணமாகாது. 90 நாள் என்ற கோடு அங்கேயே இருக்க வேண்டும்.