பேதி அடங்கின பிறகும் பால் குடிச்சா மறுபடி போகுதா? பார்த்ததைப் பகிருங்க

லேப்மேசை
ரோட்டா (பேதி உண்டாக்குற வைரஸ்) வந்து தேறின 8 மாசக் குழந்தை. வாந்தி, காய்ச்சல் இல்ல. ஆனா புட்டிப்பால் உள்ளே போனதும் புளிச்ச வாடையோட நுரைநுரையாப் போகுது, ஆசனவாயைச் சுத்தித் தோல் வெந்து சிவந்திருக்கு. செரிக்காத பால் சர்க்கரை வெளியே போகுதான்னு பார்க்க, டயப்பர்ல சுரண்டி அனுப்பின மலத்துல சர்க்கரை இல்லைன்னு ரிப்போர்ட். இருக்காதே! சர்க்கரை நீர்ப்பகுதியில இருக்கு, அதை டயப்பர் உறிஞ்சிடும். பிளாஸ்டிக் தாள் விரிச்சுப் பிடிச்சு, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து, தெளிவுல 8 சொட்டை 5 மி.லி. பெனடிக்ட் கரைசல்ல (சர்க்கரை இருந்தா நிறம் மாறுற நீல மருந்து) விட்டுக் கொதிக்க வெச்சாங்க. நீலம் பச்சையாச்சு, மஞ்சளாச்சு, ஆரஞ்சுல வந்து நின்னுச்சு, அதாவது சர்க்கரை இருக்கு. பி.எச். 5, அமிலத்தன்மை. சாம்பிளை எடுத்த உடனே பாருங்க, கிடந்தா பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு தீர்த்துடும்.

நைட்டூட்டி
இதே மாதிரி ஒரு குழந்தைக்கு 'பால் அலர்ஜி'ன்னு சீட்டு. அலர்ஜி பால் புரதத்தால வர்றது, இது வேற. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கிற லாக்டேஸ் என்ஸைம், குடலுறிஞ்சிகளோட (சிறுகுடல் உட்சுவர்ல விரல் மாதிரி நீட்டிட்டிருக்கிற நுண்ணிய மடிப்புகள்) நுனிச் செல்கள்ல இருக்கு, ரோட்டா அழிக்கிறதும் அதே செல்களைத்தான். அடியிலிருந்து ஏறி வர்ற இளம் செல்கள்ல லாக்டேஸ் இன்னும் உருவாகல. உடையாத லாக்டோஸ் குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும், பெருங்குடல்ல புளிச்சு அமிலமும் வாயுவும் ஆகும். பெரும்பாலும் ஓரிரு வாரத்துல சரியாகும். ஆயுசுக்கும் பாலை ஒதுக்க வேண்டியதில்ல.

தாய்ப்பால்
லேப்மேசை சார், இந்த டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டித்தான் பல வீட்டுல தாய்ப்பாலையே நிறுத்துறாங்க. மார்பு கட்டி வலியில அம்மா அழுதுட்டிருக்க, பக்கத்துல குழந்தைக்கு பார்லி தண்ணி. தாய்ப்பால்ல லாக்டோஸ் பசும்பாலை விட அதிகம், 100 மி.லி.க்கு 7 கிராம். இருந்தும் நிறுத்தக் கூடாது. பெரும்பாலான குழந்தைங்க தாங்கிக்கும், எடையும் ஏறும். டெஸ்ட் பாசிட்டிவ்னு மட்டும் எதையும் மாத்தாதீங்க. புட்டிப்பால் குழந்தைக்கு, பால் குடிக்கக் குடிக்கப் பேதி கூடி, உடம்புல தண்ணி வற்றினாத்தான் கொஞ்ச நாளைக்கு லாக்டோஸ் இல்லாத பால்.

உப்புக்கரைசல்
நான் சொல்ல வந்தது வேற. ஓ.ஆர்.எஸ். ருசியா இல்லைன்னு அதுல குளுக்கோஸ் பொடியை அள்ளிப் போட்டாங்க. பேதி இன்னும் கூடி, கண்ணு குழிஞ்சு, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு அப்படியே நின்னுச்சு.

சிறுகுடல்ல ஒரு குளுக்கோஸோட ரெண்டு சோடியம் சேர்ந்து உள்ளே போகும், பின்னாடியே தண்ணி போகும். பேதியிலும் இந்த வழி பெருமளவு வேலை செய்யும். அளவு மீறின குளுக்கோஸ் குடலுக்குள்ளேயே தங்கி, தண்ணியைத் திருப்பி இழுத்துடும். அதனாலதான் 2002-ல உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 20 கிராமா இருந்த குளுக்கோஸை 13.5 ஆக்கி, உப்பை 2.6 கிராமாக் குறைச்சது. ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணி, பாதி பாதியாப் பிரிச்சுக் கலக்காதீங்க. 2 வயசுக்குள்ள ஒவ்வொரு தடவை போனதும் 50–100 மி.லி., ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவா. பாட்டில் ஜூஸ், கூல்டிரிங்க் வேண்டவே வேண்டாம். ஆறு மாசம் தாண்டின குழந்தைக்கு நல்லாக் குழைஞ்ச சோத்துல தயிர் கலந்து கொடுக்கலாம், தயிர்ல லாக்டோஸ் பாலை விடக் குறைவு. ஜிங்க் 20 மி.கி. (ஆறு மாசத்துக்குள்ள 10) 10–14 நாள், பேதி நின்னாலும் முடிக்கணும். மடிப்பு நின்னாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ வீட்டுல வெச்சுப் பார்க்காதீங்க.

நைட்டூட்டி
தயிர் சரி. அதுல சீனி போட வேண்டாம், சீனியை உடைக்கிற சுக்ரேஸும் அதே செல்கள்லதான் இருக்கு. பெனடிக்ட்ல சீனி தெரியவும் தெரியாது.