கோடநாட்டு மூடுபனியை அடுக்கு மரத்தில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: மலைமுகடு

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக ஓய்வு நேரங்களில் கிரிட்டா மென்பொருளில் நிலக்காட்சிகளை வரைந்து வருகிறேன். மெல்லிய பலகைகளை உருவங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆழம் தோன்றச் செய்யும் மரக்கலைப் படைப்புகளை அண்மையில் பார்த்ததிலிருந்து, என் ஓவியங்களில் ஒன்றையாவது அவ்வாறு செய்து சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை வலுத்துவிட்டது.

நான் தேர்ந்தெடுத்திருப்பது கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையிலிருந்து விடியற்காலையில் தெரியும் காட்சி. முன்புறத்தில் தேயிலைச் சரிவும் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களும், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும், ஒருபுறம் ரங்கசாமி மலையும், எதிரே ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மலைவரிசைகளும், அவற்றுக்கிடையே தங்கி நிற்கும் மூடுபனியும் அதில் இருக்கின்றன. இந்த மூடுபனிதான் என் சிக்கல். கணினியில் மென்மையான தூரிகையை எடுத்து, அடர்த்தியைக் குறைத்து, மலையடிவாரத்தில் சில முறை தடவினால் பனி வந்துவிடுகிறது. மரத்திலோ ஓரிடத்தில் பலகை இருக்கும் அல்லது இருக்காது. இருந்தும் இல்லாமலும் இருப்பது அதற்கு இயலாது.

ஓவியத்தை அப்படியே பலகையின்மேல் அச்சிட்டுத் தரும் கடைகள் இருப்பதை அறிவேன். ஆனால் மரத்தின் நிறமும் ரேகையுமே காட்சியைச் சொல்ல வேண்டும் என்று விரும்புவதால் அந்த வழியை நாடவில்லை. ஏ3 அளவில் செய்ய எண்ணியிருக்கிறேன். எத்தனை அடுக்குகள் தேவைப்படும், பனியை எப்படிக் காட்டுவது, எந்த மரத்தை வாங்குவது, வெட்டுவதற்கு லேசர் நல்லதா கைவாள் நல்லதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: தூரிகை

வணக்கம். பனியை மென்மையாகத்தான் காட்ட முடியும் என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானிய மரஅச்சு ஓவியர் ஹிரோஷிகே 1830களில் டோக்கைடோ நெடுஞ்சாலையின் தங்குமிடங்களை வரைந்த வரிசையில், மிஷிமா என்ற ஊரின் காலைப்பனியைக் காட்டும் ஓர் அச்சு உண்டு. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், அவசியம் பாருங்கள். முன்னால் செல்லும் பயணிகள் முழு வண்ணத்தில், கோடுகளோடு இருக்கிறார்கள். பின்னால் இருக்கும் மரங்களும் வீடுகளும் மனிதர்களும் புறக்கோடே இல்லாமல் சாம்பல் நிற நிழலுருவங்களாக மட்டும் இருக்கின்றன. அந்தக் கோடின்மையே நமக்குப் பனியாகத் தெரிகிறது. அதுவும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டதுதான் என்பதால், உங்களுக்கு இருக்கும் அதே கட்டுப்பாடு அவருக்கும் இருந்தது.

தொலைவிலுள்ள மலைகள் வெளிறி நீலமாகத் தெரிவதற்குக் காரணம், நமக்கும் மலைக்கும் இடைப்பட்ட காற்று ஒளியைச் சிதறடிப்பது. தொலைவு கூடக்கூட இருள் குறையும்; ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் குறையும். ஆகவே வெட்டுவதைப் பற்றி நினைப்பதற்கு முன், உங்கள் ஓவியத்தின் நகலொன்றைக் கறுப்புவெள்ளையாக மாற்றி, கிரிட்டாவில் உள்ள போஸ்டரைஸ் வடிகட்டியால் ஆறு நிறச்செறிவுகளுக்குள் அடக்கிப் பாருங்கள். அந்த ஆறில் காட்சி நிற்கிறதென்றால் மரத்திலும் நிற்கும். நிற்கவில்லையென்றால், அடுக்குகளைக் கூட்டுவதைவிட ஓவியத்தைத் தட்டையான நிறங்களில் மறுபடி வரைவதே சரி. என்னைக் கேட்டால் வானத்துக்கு ஒன்று, தொலைமலைக்கு ஒன்று, நடுமலைக்கு ஒன்று, பனிப்படலத்துக்கு ஒன்று, ரங்கசாமி மலைக்கு ஒன்று, தேயிலைச் சரிவுக்கும் மரங்களுக்குமாக ஒன்று என்று நிறுத்திக்கொள்வேன். பனியைத் தனி அடுக்காகவே வையுங்கள். இரண்டு மலைகளுக்கிடையே கிடைமட்டமாக நீண்டு, மேல்விளிம்பு மெல்ல ஏறி இறங்கும் வெளிறிய பலகை அது. அதன் விளிம்பில் சிறு வளைவுகளைச் சேர்த்தால் பஞ்சு மேகம் போலாகிக் காட்சி கெட்டுவிடும். நீளமான, அவசரமற்ற வளைவுகள் மட்டும் போதும்.

பிறகு அந்தப் படத்தை இங்க்ஸ்கேப் மென்பொருளுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 4961 x 3508 புள்ளிகள் வரும். ஓவியத்தை அந்த அளவில் வைத்திருந்தால் விளிம்புகள் தெளிவாக அமையும். இங்க்ஸ்கேப்பில் படத்தைக் கோடுகளாக மாற்றும் வசதியில் பல நிறச்செறிவுகளைத் தனித்தனி உருவங்களாகப் பிரிக்கலாம். அங்கே ஸ்டாக் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வோர் உருவமும் அடுத்த உருவத்தின் அடியிலும் தொடர்ந்து செல்லும். தேர்ந்தெடுக்காவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் பதித்த ஓடுகளாகப் பிரிந்துவிடும். அடுக்கு மரக்கலைக்கு முதல் வகையே வேண்டும். ஆயினும் மென்பொருள் தருவதை அப்படியே நம்பாமல், ஒவ்வோர் அடுக்கையும் தனியே திறந்து, எதனோடும் ஒட்டாமல் மிதக்கும் துண்டுகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைப் பக்கத்து உருவத்தோடு இணையுங்கள், இல்லையேல் நீக்கிவிடுங்கள். சில்வர் ஓக் கிளைகள் எங்கும் 2 மி.மீ.க்குக் குறைவாக மெலிய விடாதீர்கள், ஒட்டும்போதே முறியும்.

அடுக்குகளுக்கிடையே சிறு கட்டைகள் வைத்து இடைவெளி விட்டால் நிழல் விழுந்து ஆழம் கூடும். ஆனால் இடைவெளி 3 மி.மீ. என்றால், 45 பாகைச் சாய்வில் நின்று பார்ப்பவருக்கு முன்பலகையின் அடியில் 3 மி.மீ. வரை தெரியும். பின்னடுக்கு அதற்குள் முடிந்துவிட்டால் ஓட்டை தெரியும் என்பதால், மறைந்திருக்கும் பகுதியில் ஒவ்வோர் அடுக்கையும் 10 மி.மீ.யாவது கூடுதலாக நீட்டிவிடுங்கள். 3 மி.மீ. பலகைகள் ஆறும் இடைவெளிகள் ஐந்தும் சேர்ந்து 33 மி.மீ. தடிமன் வரும், சட்டகம் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பதில்: தச்சுப்பட்டறை

மேலே கூறப்பட்டதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். மரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

அடுக்கின் உடலாக 3 மி.மீ. ஒட்டுப்பலகை போதும். திட மரத்தை இவ்வளவு மெல்லியதாக இழைத்தால் மழைக்காலத்தில் ரேகைக்குக் குறுக்காக விரிந்து வளைந்துவிடும். ஒட்டுப்பலகையின் தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அசைவு குறைவு. கடையில் பலகையைக் கண்மட்டத்தில் பிடித்து, வளைவு இல்லாததையே தேர்ந்தெடுங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் சாயமோ பாலிஷோ பூசினால் பலகை ஒருபக்கமாக வளையும் என்பதால், மறையும் பின்முகத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். வானம், பனி, தொலைமலை ஆகியவற்றில் ரேகை கிடைமட்டமாக ஓடட்டும். நல்ல ரேகையுள்ள பலகையில் பனிக்கு வேண்டிய பாதி வேலையை அதுவே செய்துவிடும். முன்புற மரங்களுக்கு மட்டும் ரேகை செங்குத்தாக இருந்தால், மெல்லிய அடிமரங்கள் முறியாமல் நிற்கும்.

சாம்பல் நிறங்களுக்கு, கடையில் விற்கும் சாயத்தைவிட இரும்புச் சாயத்தையே பரிந்துரைப்பேன். கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காயில் தோய்த்து, பிறகு இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு வரைவதை அறிந்திருப்பீர்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கருமை உண்டாகிறது. மரத்திலும் அதுவே நடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத இரும்பு நாரை வெள்ளை வினிகரில் சில நாள் ஊறவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். வாயு வெளியேறும் என்பதால் பாட்டிலை இறுக மூடக் கூடாது. வெளிறிய ஒட்டுப்பலகையில் துவர்ப்பு குறைவாதலால், முதலில் கடுக்காய் நீரையோ அடர்த்தியான தேயிலை வடிநீரையோ பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்பு நீரைப் பூசுங்கள். இரும்பு நீரில் எவ்வளவு தண்ணீர் கலக்கிறீர்களோ அந்த அளவுக்குச் சாம்பல் வெளிறும். தொலைமலைக்கு மிக நீர்த்தது, ரங்கசாமி மலைக்கு அடர்ந்தது, வானத்துக்கும் பனிக்கும் ஒன்றுமே பூசாத பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மலையின் முகட்டில் சாயத்தைப் பூசிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே அடிவாரத்தை நோக்கி நனைந்த துணியால் இழுத்தால் நிறம் படிப்படியாக மறையும். ஹிரோஷிகே போன்றோரின் அச்சுகளில் வானத்தின் நிறம் மெல்ல மறைவதும், அச்சுக்கட்டையின்மேல் வண்ணத்தை இவ்வாறு கையால் துடைத்துச் செய்ததுதான். ஆகவே பலகைக்குப் பாதி இருத்தல் இயலாது என்றாலும், சாயத்துக்கு இயலும். பலகையின் மேல்விளிம்பு மலையைக் காட்ட, அடிப்பகுதி வெளிறிப் பனியோடு கலந்துவிடும். ஒரே பலகையிலிருந்து வெட்டிய துண்டுகளில் சோதித்த பிறகே உண்மையான அடுக்கில் கை வையுங்கள். நீர் பட்டதும் மரத்தின் இழைகள் எழும்பும். எனவே முன்கூட்டியே ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சாயம் பூசுங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். விளிம்பிலிருந்து தள்ளி, மெல்லிய கோடாகப் பூசி, ஓர் இரவு முழுவதும் எடை வைத்துவிடுங்கள். பிதுங்கிய பசை பட்ட இடத்தில் பிறகு சாயம் ஏறாது என்பதால், சாயமெல்லாம் காய்ந்த பின்னரே ஒட்டும் வேலையைத் தொடங்க வேண்டும்.

மலைமுகடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மிஷிமா அச்சைப் பார்த்தேன். நான் தேடியது அதில் இருக்கிறது. பனியைத் தனி அடுக்காக வைப்பதையும், மலையடிவாரத்தில் சாயத்தை மங்கவிடுவதையும் சேர்த்தே செய்யப்போகிறேன். வெட்டுவதைப் பற்றி மட்டும் தெளிவு வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய டையோடு லேசர் இயந்திரங்கள் விற்பனைக்கு வருகின்றன. இந்தப் பொழுதுபோக்கைத் தொடர எண்ணுவதால் ஒன்றை வாங்கிவிடலாமா? எங்கள் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது.

பதில்: ஒளிவெட்டு

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் படைப்பை லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். அங்கு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும், 3 மி.மீ. ஒட்டுப்பலகையை ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடும். கோப்பை எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். வடிவில் கொண்டுபோய், ஒவ்வோர் அடுக்கையும் தனிக் கோப்பாகக் கொடுங்கள். பலகையை நீங்களே வாங்கிச் செல்வதானால், கொதிநீர் தாங்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள கருநிறப் பசையை லேசர் எளிதில் ஊடுருவாது. வீட்டுக்குள் மாட்டும் பொருளுக்குச் சாதாரண ஈரம் தாங்கும் வகையே போதும்.

பின்னாளில் வாங்குவதானால், விளம்பரத்தில் எழுதியிருக்கும் வாட் எண் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் குறிக்கிறதா, வெளிவரும் ஒளியின் திறனைக் குறிக்கிறதா என்று பாருங்கள். ஒளித்திறன் 10 வாட் உள்ள நீல டையோடு லேசர் 3 மி.மீ. ஒட்டுப்பலகைக்குப் போதுமானது. ஆனால் அந்த ஒளி பொருளில் பட்டுத் தெறித்தாலும் கண்ணைக் கெடுக்கும். மூடிய பெட்டியும், அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியும், புகையை வெளியே தள்ளும் குழாயும் இல்லாமல் அதை இயக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை விட்டு ஒரு நிமிடம்கூட அகலக் கூடாது, தீப்பற்றும். பி.வி.சி. கலந்த எதையும் அதில் வைக்கவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாருக்கும் அந்தப் புகை போகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் படைப்புக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. லேசர் வெட்டிய விளிம்பு கரிந்து கரும்பழுப்பாக இருக்கும். தேயிலைச் சரிவுக்கும் சில்வர் ஓக்குக்கும் அது அழகு. ஆனால் வெளிறிய பனிப்பலகையைச் சுற்றி ஒரு கருங்கோடு விழுந்தால், தூரிகை அவர்கள் சொன்ன கோடின்மை அங்கேயே போய்விடும். மறைப்பு நாடா ஒட்டி வெட்டினால் மேற்பரப்பில் புகைக்கறை படியாது, விளிம்பின் கருமை மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே முன்னடுக்கையும் ரங்கசாமி மலையையும் லேசரில் வெட்டிவிட்டு, பனி, நடுமலை, தொலைமலை ஆகிய மூன்றையும் கைவாளால் அறுக்கப் பரிந்துரைக்கிறேன். அவற்றின் விளிம்புகள் நீண்ட எளிய வளைவுகள்தாம்.

பதில்: தச்சுப்பட்டறை

இந்தப் பிரிப்பு மிகவும் சரி. மெல்லிய பிளேடு மாட்டும் ஃபிரெட் சா வாங்கிக்கொள்ளுங்கள். பற்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பிளேடை மாட்டி, நடுவில் ஆப்பு வடிவத்தில் வெட்டிய சிறு பலகையொன்றை மேசை விளிம்பில் இறுக்கி, அதன்மேல் ஒட்டுப்பலகையை வைத்து, வாளை நிமிர்த்தி மேலும் கீழுமாக இழுத்து அறுக்க வேண்டும். வளைவில் வாளைத் திருப்புவதைவிடப் பலகையைத் திருப்புவது எளிது. கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்துவிட்டு, உப்புத்தாள் சுற்றிய கட்டையால் கோடுவரை தேய்த்தால் விளிம்பு வெளிறியே இருக்கும். அறுவையில் பின்முகம் சிதறாமலிருக்க அங்கே நாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

முழு அளவில் இறங்குவதற்கு முன், நடுமலையும் பனியும் மட்டுமாக உள்ளங்கை அளவில் இரண்டு துண்டுகள் செய்து, சாயம் பூசி, மாட்டப்போகும் சுவரிலேயே பகலிலும் விளக்கொளியிலும் வைத்துப் பாருங்கள். இடைவெளி 3 மி.மீ. போதுமா, கூட்ட வேண்டுமா என்பது அந்தச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பொறுத்தது.