சுற்றுச்சூழல் வழக்குகள் பார்க்க விரும்பும் புது வக்கீல் எங்கிருந்து தொடங்குவது?

வாலாஜா வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இப்போது 3 ஆண்டு எல்.எல்.பி. கடைசி வருடம். சுற்றுச்சூழல் வழக்குகள்தான் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். எல்.எல்.எம். கட்டாயமா? சென்னையில் எப்படிப்பட்ட சீனியரிடம் சேருவது? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

ஏரிக்கரை:
எல்.எல்.எம். கட்டாயம் இல்லைம்மா. முதலில் பார் கவுன்சிலில் என்ரோல் ஆகுங்கள். கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த 2 ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வை முடித்துவிட வேண்டும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மட்டும் போகிற சீனியர் வேண்டாம். உயர் நீதிமன்றத்திலும் ரிட் மனு (அரசு, அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்க்கும் மனு) போடுகிறவராகப் பாருங்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நீர், காற்று, வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், பல்லுயிர் உள்ளிட்ட 7 சட்டங்கள்தான் இருக்கின்றன. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதில் கிடையாது. சரணாலயத்து விவகாரத்தை அந்தச் சட்டத்தை மட்டும் காட்டித் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வழக்குப் போடும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டெர்லைட் வழக்கையே படியுங்கள். ஆலைக்குச் சாதகமாக 2018 டிசம்பரில் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. இதை விசாரிக்கவே அதற்கு அதிகாரம் இல்லை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு முதலிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2020 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது.

சேப்பாக்கம் பார்:
ஜூனியராகப் போனதும் கையில் ஒரு நாள்காட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் வழக்கு தோற்பது பெரும்பாலும் காலவரம்பில்தான்.

தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 14-இன்கீழ் போடும் சுற்றுச்சூழல் தகராறு மனுவுக்குப் பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 'முதன்முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் 2 வருடம் மனு கொடுத்துவிட்டு வருவார்கள், அதற்குள் இந்தக் காலவரம்பு போயிருக்கும். அப்போது பிரிவு 15-ஐப் பாருங்கள். இழப்பீட்டுக்கும் பாழான இடத்தைச் சீரமைக்கவும் 5 ஆண்டு இருக்கிறது.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் இன்னும் இறுக்கம்: 30 நாள், தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு மேலும் 60 நாள். 91-வது நாள் யார் வந்து வாதாடினாலும் நடக்காது. அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் 2 உள்ளூர் நாளிதழில், ஒன்று தமிழில், விளம்பரம் தர வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதி தெரிய வெட்டிக் கோப்பில் வையுங்கள்.

புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று: ஆவணத்துக்கு ஆர்டிஐ போட்டுவிட்டுக் காத்திருப்பது. பதில் தரவே அவர்களுக்கு 30 நாள் உண்டு, உங்கள் 30 நாளும் அங்கேயே கரைந்துவிடும். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் தளத்தில் அனுமதிக் கடிதம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, கருத்துக் கேட்புக் கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் அன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏ ரெஜிஸ்டரையும் (கிராம நிலப் பதிவேடு) எஃப்எம்பி வரைபடத்தையும் (நில அளவைப் படம்) எடுத்து, அறிக்கையில் 'தரிசு' என்று போட்டிருக்கும் சர்வே எண் வருவாய்க் கணக்கில் ஓடையா, ஏரிப் புறம்போக்கா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வழக்கே அங்கேதான் கிடைக்கும்.

வாலாஜா வாசகி:
நன்றி சார். ஒரு சந்தேகம். ஊர்க்காரர்கள் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவரும் தண்ணீர் சாட்சியமாகச் செல்லுமா?

பிப்பெட்:
நீர்ச் சட்டம் பிரிவு 21-இன்படி எடுத்த மாதிரியாக அது ஆகாது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னால் மாதிரியை 2 பங்காகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

அதற்காக ஊர்க்காரர் பாட்டிலை ஒதுக்காதீர்கள். கூட்டுக் குழு போட்டு மாதிரி எடுங்கள் என்று தீர்ப்பாயத்திடம் கேட்க அது போதும், எடுக்கிற விதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அன்றைக்கே என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுங்கள். சிஓடி-க்கு (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) தனி பாட்டில், கந்தக அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே.

உங்கள் பக்கம் தோல் ஆலைகள் அதிகம், அதனால் சொல்கிறேன்: அறுமதிப்பு குரோமியத்துக்கு எடுக்கும் பாட்டிலில் அமிலம் விடவே கூடாது. விட்டால் அது மும்மதிப்புக் குரோமியமாக மாறி, அறிக்கையில் குறைவாகக் காட்டும். நீர்நிலையில் விடும் கழிவுக்கு அறுமதிப்பு குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம்தான் வரம்பு. வேதியியல் படித்த வக்கீல் லேப் அறிக்கையைக் கையில் வாங்கியதும் எந்தப் பாட்டில், என்ன பதப்படுத்தல், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று கேட்பார். பலர் கேட்பதே இல்லை.

ஏரிக்கரை:
வருமானம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜூனியருக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமத்தில் 15,000 ரூபாய் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. சேரும்முன் தொகையைக் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இழப்பீடு கேட்காத தீர்ப்பாய மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான், விவசாயிகளிடம் பெரிய ஃபீஸும் வராது. பணம் வருவது ஆலைகளின் கன்சென்ட் (ஆலை இயங்க வாரியம் தரும் இசைவு) வேலையில். வாரியம் மறுத்தால் 30 நாளில் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு ஆலைகளுக்கு வக்கீல் தேவை. அதைப் பார்ப்பது தவறில்லை. ஆனால் ஒரு ஆலையின் கோப்பை ஒருமுறை வாங்கிவிட்டால் அந்த விவகாரத்தில் எதிரில் நிற்கும் ஊருக்கு நீங்கள் வக்காலத்து போட முடியாது. எந்த வட்டாரத்து ஊர்களுக்காக நிற்கப் போகிறீர்கள் என்பதை முதல் கோப்பு வாங்கும்முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.