வகுப்பில் கைபேசி வாக்கெடுப்பு: யாருக்காவது உண்மையிலேயே பலன் இருந்துச்சா?

புதுவிரிவுரை:
விரிவுரையாளரா எனக்கு இது ரெண்டாவது வருஷம். இயற்பியல், முதலாண்டு, 70 பேர். இந்த செமஸ்டர்ல கஹூட், மென்டிமீட்டர்னு கைபேசியில வாக்கு போடுற ரெண்டு ஆப்பையும் போட்டுப் பார்த்தேன். வகுப்பே கலகலன்னு இருந்துச்சு. டெஸ்ட் பேப்பர் திருத்த உட்கார்ந்தா, போன வருஷப் பசங்க பண்ணின அதே தப்பு, அதே இடத்துல. கருவி சரியில்லையா, நான் சரியில்லையா?

சாக்பீஸ்:
கருவிதான். 26 வருஷமா போர்டுல எழுதித்தான் நடத்துறேன். ஒரு டெரிவேஷனை வரி வரியா எழுதும்போது என் கை போற வேகத்துலதான் பையனும் யோசிப்பான். பவர்பாயின்ட்ல அதுவே ஒரு சொடுக்குல முழுசா வந்து நிக்கும், அவன் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவான். கஹூட்ல சீக்கிரம் அழுத்தினவனுக்குக் கூடுதல் புள்ளி வேற. நிதானமா யோசிக்கிறவன் முட்டாளா?

அலைநீளம்:
கஹூட் பத்தி நீங்க சொன்னது சரி சார், அந்த வேகப் புள்ளியை நானும் அணைச்சு வெச்சிருக்கேன். ஆனா 26 வருஷம்ங்கறது ஆதாரம் ஆகாது. வெறும் விரிவுரையையும் மாணவர்கள் பங்கெடுக்குற வகுப்பையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை 2014-ல ஸ்காட் ஃப்ரீமேன் குழு ஒண்ணா சேர்த்து அலசினாங்க. எல்லாம் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள். ஃபெயில் ஆனவங்க விரிவுரையில 33.8%, மத்ததுல 21.8%.

சாக்பீஸ்:
அதுல ஜெயிச்சது ஆப்பா? நாலு பேரைச் சேர்த்து உட்கார வெச்சு கணக்குப் போடச் சொன்னாலும் அது பங்கெடுப்புதான். அதுக்கு எனக்கு சாக்பீஸ் போதும்.

அலைநீளம்:
போதும், அதை மறுக்கல. பட்டனை அழுத்தி விடை சொல்ற கிளிக்கர் கருவியையும், விடையைத் தூக்கிக் காட்டுற அட்டையையும் வெச்சு நேதனியல் லாஸ்ரி ஒப்பிட்டுப் பார்த்தார், 2008-ல வெளியாச்சு. கருத்துப் புரிதல்ல பெரிய வித்தியாசம் இல்லை. கேள்விலதான் விஷயம் இருக்கு. புதுவிரிவுரை, நீங்க எந்த மாதிரி கேள்வி போட்டீங்க?

புதுவிரிவுரை:
"நியூட்டனின் மூன்றாம் விதி எது?" நாலு விடை. 95 சதவீதம் சரி. அப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு :(

அலைநீளம்:
அதுக்குப் பதிலா இதைக் கேளுங்க: லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுது, எது மேல விசை அதிகம்? என் வகுப்புல மூணுல ரெண்டு பேர் 'கார் மேல'ன்னு போட்டாங்க. விதியை மனப்பாடமா சொன்ன அதே ஆளுங்க!

இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-ல ஹார்வர்டுல தொடங்கின முறை இது. முதல் வாக்கு தனித்தனியா, யாரும் பேசக்கூடாது. முடிவைத் திரையில காட்டாதீங்க, காட்டினா எல்லாரும் பெரிய பட்டை பக்கம் சாஞ்சிடுவாங்க. சரியா சொன்னவங்க 30-லிருந்து 70 சதவீதம்னா, வேற விடை போட்ட பக்கத்து ஆளோட வாதாட விடுங்க. அப்புறம் மறுவாக்கு. 30-க்குக் கீழன்னா பாடத்தையே திரும்ப எடுக்கணும். 70-க்கு மேலன்னா ரெண்டு வார்த்தை விளக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்.

அன்னைக்கு ஒரு பொண்ணு "கார்தானே நசுங்குது?"ன்னா. பக்கத்துல இருந்தவ, "விசை சமம்டி, நிறை கம்மி, அதான் முடுக்கம் அதிகம்"னு நோட்டுல எழுதிக் காட்டினா. நான் வாயே திறக்கல.

கடைசிபெஞ்ச்:
மாணவன் பேசலாமா? எங்க சார் இதைத்தான் பண்றார். வகுப்பு முடிஞ்சா ஒண்ணுமே படிக்காத மாதிரி இருக்கு. நல்லா நடத்துறவர் நடத்தினா எல்லாம் புரியுது.

அலைநீளம்:
புரிஞ்ச மாதிரி இருக்கும், தம்பி. ஹார்வர்டுலயே 2019-ல இதைச் சோதிச்சாங்க. பங்கெடுத்த மாணவர்கள் குறைவாத்தான் கத்துக்கிட்டோம்னு சொன்னாங்க, டெஸ்ட்ல அதிகம் எடுத்தாங்க.

கடைசிபெஞ்ச்:
சரி, ஆனா அதை முதல் நாளே எங்ககிட்ட சொல்லலாமே? சார் நடத்தாம ஒப்பேத்துறார்னுதான் இவ்வளவு நாள் நினைச்சேன்.

சாக்பீஸ்:
இவன் கேட்டது நியாயம். என் கேள்விக்கு வாங்க. ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிஷம். 50 நிமிஷத்துல நாலு கேள்வி போட்டா பாடத்திட்டத்தை யார் முடிக்கறது?

அலைநீளம்:
அடிப்படையை வீட்ல படிச்சுட்டு வரணும். மூடில்ங்கற (Moodle) ஆன்லைன் பாடத் தளத்துல மூணு கேள்வி, வகுப்புக்கு முந்தின ராத்திரியோட பதில் போடுற நேரம் முடிஞ்சிடும். மூணாவது எப்பவும் "எது புரியலை?"தான். அந்தப் பதில்களைப் படிச்சுட்டுத்தான் மறுநாள் என்ன நடத்தறதுன்னு முடிவு பண்ணுவேன்.

சாக்பீஸ்:
படிச்சுட்டு வருவாங்கன்னு நம்பறீங்க! சாட்ஜிபிடியில ஒட்டிக் கேட்டு எழுதுவாங்க.

அலைநீளம்:
முதல் ரெண்டுக்கு எழுதுவாங்க, தடுக்க முடியல. மூணாவதுல அப்படி எழுதினா பார்த்ததுமே தெரிஞ்சிடும், 40 பேருக்கு ஒரே சந்தேகம் ஒரே வாக்கியத்துல வராது.

சாக்பீஸ்:
ம். லாரி கேள்வியை எடுத்துக்கறேன். அட்டையில.

புதுவிரிவுரை:
வெப்ப இயக்கவியலுக்கு இப்படி ரெண்டு கேள்வி இருந்தா போடுங்களேன். வியாழக்கிழமை வகுப்பு இருக்கு.