தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர்களே, மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்வை எழுதுங்கள்

கிளேர் எஸ்டேட் வாசி:

2010ஆம் ஆண்டு நவம்பரில், டர்பனின் கிளேர் எஸ்டேட் பகுதியில், தமிழ் வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தகரக் குடிசைகளை இடிக்க ஆட்கள் வரும் விதம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் அதை விவரிக்கவில்லை. அவர்களை அனுப்பியது யார் என்பதையும் எழுதப் போவதில்லை. சரிவில் பாதிக் குடிசைகள் விழுந்துவிட்ட நேரத்தில், சிவப்புச் சட்டை அணிந்த ஓர் அம்மாள், வேலியருகே நின்ற என்னை நோக்கி ஓடி வந்தார். 2005 மார்ச்சில் அதே பகுதியின் கென்னடி ரோடு குடிசை மக்கள், வீடு கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்ட நிலத்தில் செங்கல் தொழிற்சாலைக்காகப் புல்டோசர் இறங்கியதைக் கண்டு சாலையை மறித்தார்களே, அதிலிருந்து பிறந்த, குடிசைவாசிகளின் அபஹ்லாலி இயக்கத்தின் சட்டை அது.

அவர் கையில், நெகிழி உறைக்குள், அரசியலமைப்பின் 26ஆவது பிரிவின் நகல் இருந்தது. நீதிமன்ற ஆணை இல்லாமல் எவருடைய வீட்டையும் இடிக்கக் கூடாது என்னும் வரியின் கீழ் நீல மையால் கோடு போட்டிருந்தார். தம் மூக்குக் கண்ணாடி இடிபாட்டுக்குள் கிடக்கிறது என்றும், நான் அந்த வரியை அந்த ஆட்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் கேட்டார். அப்போது என் விசா புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது. நான் வெளிநாட்டுக்காரன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். படித்திருந்தாலும் இடிப்பு நின்றிருக்காது என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பப் பார்க்கிறேன். ஆனால் அந்த உறையின் மேல் பதிந்திருந்த அவருடைய கட்டைவிரலின் சேற்றுத் தடம் கண்ணை விட்டு அகலவில்லை.

முன்னாள் செவிலி:

என்னை உறுத்துவதும் ஒரு தாள்தான். ஆனால் அது எழுதப்படாத தாள். 2001இல் நான் அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் இருந்தேன். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும் நெவிரபின் மருந்தை, மாகாணத்துக்கு இரண்டு சோதனை மையங்களில் மட்டுமே கொடுக்கலாம் என்பது அன்றைய அரசின் கொள்கை. பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த பின் குழந்தைக்கு ஒரு வேளை மருந்து, அவ்வளவுதான். தயாரித்த நிறுவனமே அதை ஐந்தாண்டுக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தது.

ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்னும், எச்.ஐ.வி. மருந்துக்காகப் போராடிய இயக்கத்தின் வெள்ளைச் சட்டை அணிந்த நிறைமாதப் பெண் ஒருவர் வந்து அந்த மாத்திரையைக் கேட்டார். இங்கே இல்லை என்றேன். அவர் வாதாடவில்லை. பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, வெறும் பக்கத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி என் முன் வைத்தார். "இல்லை என்று சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் சிஸ்டர், நீதிமன்றத்துக்கு வேண்டும்" என்றார். நான் பேனாவை எடுத்தேன். மேற்பார்வையாளர் வருவதைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன். 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க உத்தரவிட்டபோது வார்டில் எல்லோரும் கட்டிக்கொண்டோம். அவருடைய குழந்தை அதற்குப் பல மாதங்கள் முன்பே பிறந்திருக்கும்.

சட்டம் பயின்றவன்:

முதலில் எழுதியவரின் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. படித்துக் காட்டியிருந்தால் நின்றிருக்கலாம். இனி எவரேனும் அப்படிப்பட்ட இடத்தில் நிற்க நேர்ந்தால் இதை நினைவில் வையுங்கள். முதலில் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், அதில் வழக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஆணையை நிறைவேற்ற வேண்டிய நீதிமன்ற அலுவலரான ஷெரிஃப் நேரில் வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆணையின்றி வெளியேற்றுவது 1998ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், காவல் நிலையத்தில் புகார் எழுத முடியும். வந்த வண்டிகளின் எண்களையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடிபடும் குடிசையைப் படம் எடுக்கும்போது உள்ளே இருந்த பொருள்களும் தெரியும்படி எடுங்கள், பின்னால் இழப்பீடு கேட்க அது உதவும். விசாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு சட்டப் பிரிவை உரக்கப் படிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் அங்கே இல்லை.

என் அனுபவம் சிறியது. கேப் டவுனின் ஓரத்தில் உள்ள வாலஸ்டீனுக்கு 2012இல் போயிருந்தபோது, அங்கே குடிசையில் வாழ்ந்த ஐரீன் குரூட்பூம் என்ற பெண் 2000ஆம் ஆண்டில் அரசுக்கு எதிராக வென்ற வீட்டு வசதி வழக்கை எங்கள் ஊரிலும் பாடமாகப் படிக்கிறோம் என்று ஒரு பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். 2008இல் ஐரீன் குடிசையிலேயே இறந்ததும் பாடத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

தமிழ் வகுப்பு ஆசிரியை:

சட்டம் பயின்றவர் சொல்லும் கேள்விகளைக் கேட்பதற்கு முதலில் ஆட்களைத் தடுத்து நிறுத்த வேண்டுமே, தம்பி. டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், 2000ஆம் ஆண்டில், வாடகை பாக்கிக்காக அடுக்ககத்திலிருந்து ஒரு பாட்டியை வெளியேற்ற வந்தார்கள். தமிழில் பேச்சு மறந்து, தேவாரம் மட்டும் மனப்பாடமாக இருந்தவர் அவர். ஜூலு பேசும் பெண்களும் நம் பெண்களும் மாடிப்படி முழுவதும் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கதவுக்கு உள்ளிருந்து பாட்டி பாடிக்கொண்டிருந்தார். கால் வைக்கப் படியில் இடமில்லாமல்தான் வந்தவர்கள் திரும்பினார்கள். ஆணை எண்ணை அன்று எவரும் கேட்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நான் கீழேயே நின்றிருந்தேன்.

கிளேர் எஸ்டேட் வாசி:

சட்டம் பயின்றவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஒன்றை மட்டும் முன்பு எழுதாமல் விட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளைத் தேடிப் போனேன். அதே இடத்தில் பழைய தகரத்தைத் திரும்ப நிறுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் ஆணியைத் தடவித் தடவி அடித்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. தகரத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.