டர்போ செடானில் சிறு டிரெய்லரை நெடுந்தூரம் இழுக்கலாமா?

கேள்வி: 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட எனது செடானில், சுமையுடன் 500 கிலோ எடையுள்ள, தனி பிரேக் இல்லாத டிரெய்லரை இணைத்து 900 கிலோமீட்டர் செல்லவிருக்கிறேன். எஞ்சின் தாங்குமா?

பதில் 1: டர்போவில் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பு) இழுவிசை எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்துவிடும் என்பதால், இழுக்கும் திறனைவிட வெப்பத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுங்கள், நீண்ட ஏற்றங்களில் உயர் கியரிலேயே அழுத்தி ஓட்டாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள், ஏறி நின்றதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடங்கள் ஓடவிடுங்கள்.

பதில் 2: அதற்கும் முன்பாக, பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வாகனக் கையேடு அனுமதிக்கும் எடையைப் பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மேல் அமர வேண்டும். பின்பாரம் மிகுந்தால் டிரெய்லர் ஊசலாடும், அது உண்மையிலேயே ஆபத்தானது. அப்போது ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

கேட்டவர்: நன்றி. கையேட்டில் 450 கிலோ என்றே உள்ளது. 50 கிலோவை இறக்கிவிடுகிறேன்.