மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கூடிய எடை: மாத்திரைதான் காரணமா?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது நாற்பத்தேழு. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் முடிந்து, இப்போது தமோக்சிபென் மாத்திரை எடுத்து வருகிறேன். புற்றுநோய் என்றாலே உடம்பு இளைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கோ கீமோ தொடங்கியதிலிருந்து ஏழு கிலோ கூடிவிட்டது, அதுவும் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில். மாதவிடாயும் கீமோவின் நடுவிலேயே நின்றுவிட்டது. முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். மாத்திரையைச் சில மாதங்கள் நிறுத்திப் பார்க்கலாமா? இரவு உணவை அடியோடு விட்டுவிடலாமா? அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பதால் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்கிறார்கள். அப்படியானால் நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

மறுமொழி 1 (உணவியல் ஆலோசகர்)

வணக்கம். முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காகத் தமோக்சிபென்னையும் மருந்தில்லாத போலி மாத்திரையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், இரு பிரிவினருக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடியது. நோய் திரும்பாமல் காக்கும் மருந்தை, அது செய்யாத குற்றத்துக்காகக் கைவிடுவது பெரிய இழப்பாகிவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், எடை கூடியதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கீமோவுடன் தரப்படும் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். குமட்டலுக்கு மாவுப் பண்டங்கள் இதமாக இருப்பதால், பலரும் அவற்றையே அடிக்கடி கொறிப்பார்கள். இவற்றைவிட முக்கியமானவை இரண்டு. இயல்பாக மெல்ல மெல்ல வர வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் உங்களுக்குச் சில மாதங்களுக்குள் வந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அடுத்தது, சோர்வினால் படுத்தே இருந்த காலத்தில் தசை கரைந்திருக்கும். தசை குறைந்தால் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் குறையும். முன்பைவிடக் குறைவாக உண்டும் எடை கூடுவது இதனால்தான். ஆகவே தராசு காட்டும் ஏழு கிலோ முழுக் கணக்கு அல்ல. உள்ளே கொழுப்பு அதைவிட அதிகமாகக் கூடி, தசை சற்றுக் குறைந்திருக்கக் கூடும்.

இந்த நிலையில் பட்டினி கிடந்தால் மிச்சமிருக்கும் தசையும் போகும் என்பதால், இரவு உணவை விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதை ஒரே வேளையில் உண்ணாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டு, தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கி, இனிப்புப் பானங்களை நிறுத்தினாலே பலருக்கு எடை ஏறுவது நின்றுவிடுகிறது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். ஆறு மாதங்களில் இப்போதைய எடையில் 5 விழுக்காடு குறைந்தாலும் இரத்தச் சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியும்.

மறுமொழி 2 (இதே சிகிச்சையை முடித்தவர்)

சகோதரி, கையைப் பற்றி எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நெடுங்காலம் அந்தக் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பிறகு என் பிசியோதெரபிஸ்ட்தான் 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஏற்கெனவே கையில் நிணநீர் வீக்கம் (கணுக்களை எடுத்த பின் நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) உள்ள 141 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை வாரம் இருமுறை மேற்பார்வையுடன் எடை தூக்க வைத்தபோது, வீக்கம் அதனால் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே கூட்டினார்கள், கையில் அழுத்த உறையும் அணிந்திருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். நடைப்பயிற்சி மூச்சுக்கும் மனத்துக்கும் நல்லது, அதை விடாதீர்கள். இழந்த தசையைத் திரும்பக் கட்டுவதற்கு அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்றவற்றில் தொடங்கலாம். கை கனத்தாலோ, மோதிரமோ வளையலோ இறுகினாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

மறுமொழி 3 (ஓய்வு பெற்ற செவிலியர்)

மேலே சொன்னவற்றோடு இரண்டு எச்சரிக்கைகள். சில நாட்களுக்குள் இரண்டு மூன்று கிலோ கூடி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால், அது கொழுப்பன்று, நீர். கீமோ மருந்துகளில் சில இதயத்தைப் பாதிக்கக் கூடியவை என்பதால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கழுத்தெலும்புப் பகுதிக்கும் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் தைராய்டு மந்தமாகி எடை கூடலாம், அதைக் கண்டறியும் டி.எஸ்.எச். பரிசோதனை எளிய இரத்தப் பரிசோதனைதான்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மாத்திரையைத் தொடர்கிறேன், தைராய்டையும் பார்த்துவிடுகிறேன். எடை குறைக்கும் மருந்துகள் பற்றி விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன; அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1 (உணவியல் ஆலோசகர்)

நீங்களாக எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். தமோக்சிபென் கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வலிமை பெறுகிறது. எடை குறைப்பு மருந்துகளுள் ஒன்றில் இருக்கும் புப்ரோபியான் அந்த நொதியை முடக்கிவிடும். மூலிகை என்று விற்கப்படுபவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை உறையை வைத்துச் சொல்லிவிட முடியாது. மருந்தின் உதவி தேவை என்று தோன்றினால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். தமோக்சிபென்னுடன் மோதாத மருந்து உண்டா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். அவரைச் சந்திக்கச் செல்லும்போது இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், வயிற்றுச் சுற்றளவையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். தசை கூடும் மாதங்களில் தராசு அசையாமல் இருக்கும்போது, குறைவது அந்தச் சுற்றளவில்தான் தெரியும்.